வேலையற்றவன் சோம்பேறி அல்லன்



மதகடியிற் பொழுது போக்கும் இளைஞனைக் காணுந்தோறும் ‘சோம்பேறி’ என்று தீர்ப்பளித்து விடுகின்றோம். சாட்சியத்தை விசாரியாது அளிக்கும் தீர்ப்பு நீதியாகுமா? அச்சாட்சியத்தை இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

ஒஸ்திரியாவில், வியன்னா நகருக்கு அண்மையில், மரியன்தால் என்றோர் ஆலைக் கிராமம். 478 குடும்பங்கள் வாழ்ந்த அவ்வூரின் துணி ஆலை 1929, 1930ஆம் ஆண்டுகளில் மூடப்பட்டது. ஏறக்குறைய முக்காற்பங்கு குடும்பங்களில் உழைப்போர் ஒருவருமில்லை. மரி யகோடா, போல் லசார்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய ஆய்வாளர் அங்கு கண்டவற்றை 1933இல் நூலாக வெளியிட்டனர்.

கையில் நேரம் நிறைந்திருந்தது. வாசிகசாலையில் நூல் இரவல் பெறக் கட்டணமுமில்லை. ஆயினும் இரவல் சென்ற நூல்களின் தொகை இரண்டாண்டில் ஏறக்குறையப் பாதியாயிற்று. ஆடவரின் நடை தளர்ந்தது. வீதியில் அடிக்கடி நின்றனர். பகல் முழுவதும் என்ன செய்தீர் என வினவியபோது அவர்களால் விடை கூற இயலவில்லை. ஆலையில் உழைத்துக் களைத்த அதே மனிதர்! சோம்பலால் அவர்கள் வேலை போகவில்லை; வேலை போனமையால் உள்ளம் சோர்ந்தது. இறைப்பு நின்ற தோட்டத்திற் பயிர் வாடினால், பயிரையா பழிப்போம்?

அதே ஊரில் 2020 ஒக்டோபரில், நெடுங்காலம் வேலையற்றிருந்தோர் அனைவர்க்கும், விரும்பினால் ஊதியத்துடன் வேலை வழங்கும் திட்டம் தொடங்கிற்று. ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் அதனை ஆராய்ந்தபோது, வருவாய் மட்டுமன்றி, நாளுக்கோர் ஒழுங்கும், பிறரோடு உறவும், சமூக மதிப்பும் மீண்டமை புலனாயிற்று.

சட்டம் யாது கூறுகின்றது? 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம், 23ஆம் உறுப்புரையில், வேலை செய்யும் உரிமையையும் வேலையின்மையிலிருந்து பாதுகாப்பையும் ஏற்றுக்கொள்கின்றது. எமது நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்போ சட்டபூர்வமான தொழிலில் ஈடுபடும் சுதந்திரத்தை அடிப்படை உரிமையாக்கியதே தவிர, வேலை பெறும் உரிமையை அவ்வாறு ஆக்கவில்லை. கதவைத் தாழிடமாட்டோம் என்கின்றது. உள்ளே இடமுண்டு என்று சொல்லவில்லை. அவ்வுரிமையை நாம் கோரியே ஆகவேண்டும்.

அதுவரை பெற்றோரிடம் ஒன்று வேண்டுகின்றோம். வேலை தேடிச் சோர்ந்து படலை திறந்து வரும் பிள்ளையை ஏசாதீர்கள். தோட்டத்திலோ, சங்கக் கணக்கிலோ, வாசிகசாலையிலோ நாள்தோறும் ஒரு பொறுப்புக் கொடுங்கள். உறக்கமின்றி, பேச்சின்றி அவன் ஒடுங்கினால், வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வெட்கப்படாதீர்கள்.

அரசிடம் வேலை கேட்போம். வீட்டில் மதிப்புக் கொடுப்போம்.