ஆங்கிலம் கற்று என்ன செய்வது?



பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளை ஆங்கிலத்தைச் சிறப்புப் பாடமாகக் கற்கப் போவதாகச் சொன்னதும் நம் வீடுகளில் இரண்டு குரல்கள் எழுவதுண்டு. “இங்கிலிஷ் தெரிந்தால் எங்கேயும் பிழைக்கலாம்” என்பார் தகப்பனார். “படிச்சுப்போட்டு ரீச்சர் வேலைக்குத்தானே போகவேணும்?” என்பார் மாமனார். இத்துறையில் பயின்று, நெடுங்காலம் அதையே கற்பித்தவன் என்ற முறையில் இவ்விரு குரல்களையும் சற்று ஆராய விரும்புகிறேன்.

முதலில் ஒரு மயக்கம் நீங்க வேண்டும். சரளமாக ஆங்கிலம் பேசப் பழக்குவது சிறப்புப் பட்டத்தின் நோக்கமன்று. அதற்கெனப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலக் கற்பித்தல் அலகுகள் உள்ளன. கவிதை, நாடகம், நாவல், திறனாய்வு, மொழியியல் ஆகியவற்றின் வழியே நுணுகி வாசிக்கவும், வாசித்ததைத் தெளிவாக எழுதவும் பயிற்றுவதே ஆங்கிலத்துறையின் பணி. ஆசிரியத் தொழில், பத்திரிகைத்துறை, பதிப்புத்துறை, நிருவாக சேவை யாவும் வேண்டிநிற்பது இந்த ஆற்றலையே.

சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள் என்று அழைத்தனர். தம்மை வெட்டி ஒதுக்கும் ஆயுதம் என்பது பொருள். பேராதனையில் ஆங்கிலம் கற்பித்த திரு கந்தையா 1984இல் இச்சொல்லையே தலைப்பாக்கி, மொழிக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். தமிழ் மாணவருக்கும் அந்த வாளின் கூர்மை தெரியும். உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் பாடசாலைகள் பெரும்பாலும் நகரங்களிலேயே உள்ளன. கிராமத்தில் ஆசிரியர் இல்லை. எனவே மாணவர் இல்லை. எனவே நாளைக்கும் ஆசிரியர் இல்லை. மாமனார் இளக்காரமாகச் சொன்ன ‘ரீச்சர் வேலை’தான் இந்த வட்டத்தை உடைக்க வல்லது.

இன்னொரு துறை மொழிபெயர்ப்பு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. ஆயினும் தமக்கு விளங்காத மொழியில் வந்த அரசாங்கக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாசித்துச் சொல்ல ஆள் தேடும் முதியவர்களை இன்றும் காண்கிறோம். கணினி நொடியில் மொழிபெயர்க்கும் காலம் இது என்பீர்கள். அது செய்த பிழையைக் கண்டுபிடிக்க இரு மொழியும் நன்கறிந்த ஒருவர் வேண்டுமே!

இங்கேதான் எனது கவலை. ஆங்கிலத்துறைக்குள் புகும் நம் பிள்ளைகள் பலர் தமிழை வாசலில் கழற்றி வைத்துவிடுகின்றனர். செல்வா கனகநாயகம் அவ்வாறு செய்யவில்லை. பேராதனையில் ஆங்கிலம் பயின்று, யாழ்ப்பாணத்தில் கற்பித்து, பின்னர் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர் அவர். ஈழத்துத் தமிழ்ப் படைப்புக்களை ஆங்கிலத்தில் தொகுத்து 2001இல் வெளியிட்டார். ஆங்கில வாசகர் பலர் நம் எழுத்தாளர்களை அறிந்தது அத்தொகுப்பின் வழியாகவே. தமிழை மறந்த ஆங்கிலப் பட்டதாரி ஒருவரால் இப்பணி ஆகியிருக்குமா?

ஆகவே பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளை விரும்பினால் ஆங்கிலம் கற்கட்டும், தடுக்காதீர்கள். வீட்டில் ஷேக்ஸ்பியருக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் நூலும் இருக்கட்டும். ஒரு மொழி மட்டும் அறிந்த பட்டதாரி உத்தியோகத்தைத் தேடி அலைய நேரலாம். இரு கரையையும் அறிந்த ஓடக்காரனுக்கோ, ஆற்றைக் கடக்க வேண்டியவர்கள் உள்ளவரை வேலை உண்டு.