பந்துக்குத் தீட்டில்லை

(தாம்பரத்தில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

2017 பிப்ரவரியில் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. அடிப்படை விலை 10 லட்சம்தான். பத்திரிகைகள் அவருடைய பந்துவீச்சைப் பற்றி எழுதியது கொஞ்சம். அப்பாவின் கூலி, அம்மாவின் ரோட்டோரக் கடை பற்றி எழுதியதே அதிகம். நான் வங்கியில் பணம் எண்ணுகிறவன். கவுண்டரில் நின்ற ஒருத்தர், "எல்லாம் லக்கு சார்"ன்னார். டென்னிஸ் பந்தில் வருஷக்கணக்காகப் போட்டுப் பழகிய கை அது. உழைப்புக்கு இங்கே பேரு லக்கு.

விலை வைத்து எடுப்பது புதுசு. கையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்துவது பழசு. பல்வங்கர் பாலுவைத் தெரியுமா? தோல் தொழிலுக்குத் தள்ளப்பட்ட சமார் சாதியில் 1876இல் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதானம் பராமரித்து, அவர்களுக்குப் பந்து போட்டே சுழற்பந்து வீச்சாளரானவர். இந்து அணி அவரைச் சேர்க்கலாமா என்று சண்டையே நடந்தது. சேர்த்தார்கள், ஜெயிக்கணுமே! பந்தைத் தொட்டால் தீட்டில்லை. ஆனால் இடைவேளையில் டீ மட்டும் அவருக்கு வெளியே, தூக்கியெறியும் மண்கோப்பையில். நம்ம ஊர் இரட்டைக் குவளைக்கு அண்ணன் அது.

1906இல் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ரன்னில் தோற்கடித்தபோது, சாதி ஒழிகிறது என்று சீர்திருத்தப் பத்திரிகை கொண்டாடியது. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் பாலு எடுத்த விக்கெட் 114. கைதட்டல் கிடைத்தது, கேப்டன் பதவி கிடைக்கவில்லை. 1920இல் அவரை அணியிலிருந்தே நீக்கினார்கள். தம்பிகள் விளையாட மறுத்து வெளியேறினார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான், 1923இல், தம்பி விட்டல் கேப்டனானார். கைதட்டல் தானாக வரும் தோழர்களே, பதவி வராது.

பாலு குறையில்லாதவர் அல்ல. 1932 புனே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1937 தேர்தலில் அம்பேத்கரையே எதிர்த்து நின்று தோற்றார். அதே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட எம்.சி. ராஜா பிறந்தது பரங்கிமலையில். இங்கேயிருந்து ரயிலில் கொஞ்ச நேரம். பாலுவுக்கும் நமக்கும் தூரம் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை உங்க மைதானத்துக்குப் போங்க. பந்து யார் போடுகிறார், அணியை யார் தேர்ந்தெடுக்கிறார், மேட்ச் முடிந்ததும் யார் வீட்டுக்குள்ளே யாரைக் கூப்பிட்டுத் தண்ணி தருகிறார் என்று பாருங்க. பிறகு பேசுவோம், சாதி ஒழிந்ததா என்று.