வீட்டு அறையில் பேஸ் கிடார்



ஏ.ஆர்.ரகுமான் 1989-ல் தம் வீட்டோடு சேர்த்து ஒரு ஸ்டூடியோ தொடங்கினார். 1992-ல் வெளியான ‘ரோஜா’ பாடல்கள் அங்கேதான் உருவாயின. இன்று ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் விருதுநகர், சிவகாசி வீடுகளிலும் பாட்டுப் பதியலாம். ஆனால் பேஸ் கிடார் மட்டும் மக்கர் பண்ணும். அதுக்கு வாத்தியத்தைக் குறை சொல்லாதீங்க.

நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸில் தாழ்ந்த ‘ஜி’ சுரம் 49 ஹெர்ட்ஸ். கரண்ட் இரைச்சல் புகுந்துவிட்டால் வடிகட்டுவது கஷ்டம். சுரமும் சேர்ந்து போய்விடும். இரைச்சல் அடங்கட்டும் என்று பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம்! கிடார் தந்தியும் எர்த்தோடு இணைந்தது. கோளாறு வந்தால் உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி பண்ணுங்க.

அடுத்தது அறை. பத்தடி இடைவெளியுள்ள சுவர்களுக்கு நடுவே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ் ஒலி பெருகும். ‘ஏ’ தந்தி 55. ஆகவே அந்தச் சுரம் மட்டும் ‘கும்’மென்று கேட்கும். அதை நம்பிக் குறைத்தால், வெளியிடத்தில் பாட்டு சப்பென்று இருக்கும். மைக் இல்லாமல் டி.ஐ. பெட்டி வழியாக நேரே பதியுங்க. பக்கத்து அச்சு மெஷின் சத்தமும் நுழையாது. ஹெட்போனிலும் கேட்டுச் சரிபாருங்க.

விலை உயர்ந்த கிடார் இல்லையே என்று வாசிப்பதை நிறுத்திடாதீங்க, தம்பிகளே.