எக்கோ காட்டும் வழி



இதய மாற்று அறுவை செய்துகொண்டவர் பார்வைக்கு நலமாகவே இருப்பார். உள்ளுக்குள் அவர் உடம்பு புது இதயத்தை எதிர்த்துக்கொண்டிருக்கலாம். அறிகுறி தெரியுமுன்பே அதைக் கண்டுபிடிக்க, இதயத் தசையில் ஓரிரு மில்லிமீட்டர் துணுக்குகளைக் கிள்ளியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். இதுதான் இதய பயாப்ஸி.

ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கவ்வியை இதயத்துக்குள் செலுத்தும் இம்முறையை 1962-ல் அறிமுகப்படுத்தியவர்கள் சகாகிபாரா, கொன்னோ என்ற ஜப்பானிய மருத்துவர்கள்.

துணுக்கு எடுக்க வேண்டியது, இரண்டு கீழறைகளுக்கும் நடுவேயுள்ள தடுப்புச் சுவரில். அதன் தடிமன் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். வலது கீழறையின் வெளிச்சுவரோ 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். கவ்வி அங்கே கடித்தால் ஓட்டை விழுந்து, இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கிவிடலாம். உயிருக்கே ஆபத்து. வால்வைப் பிடித்திருக்கும் இழைகள் அறுந்தால் வால்வு கசியும்.

அதனால் கவ்வி எங்கே இருக்கிறது என்று பார்த்தபடியே செய்ய வேண்டும். எக்ஸ்ரேயில் உலோகக் கவ்வி பளிச்சென்று தெரியும். சுவரும் வால்வும் அப்படித் தெரியாது. எக்கோ எனும் அல்ட்ராசவுண்ட் படத்தில், துடிக்கும் இதயத்தின் சுவர், வால்வு, கவ்வி எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கலாம். சரியான இடம்தானா என்று உறுதிசெய்துகொண்டு கவ்வியின் வாயை மூடலாம். ரத்தம் கசிந்தாலும் உடனே தெரியும்.

எக்கோவில் கதிர்வீச்சு கிடையாது. மாற்று அறுவைக்குப் பின் முதல் ஆண்டிலேயே பலமுறை பயாப்ஸி தேவைப்படும் நோயாளிகளுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, இது பெரிய நன்மை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சோதனை சொல்லப்பட்டால், பயந்து தள்ளிப்போடாதீர்கள். எக்கோ பார்த்துக்கொண்டே செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.