குடும்பப் படமும் கைப்பேசியும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, தொழில், திருமணச் செலவுக் குறைப்பு முதலிய பொருள்களைப் பற்றி இம்மேடையில் அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கின்றீர்கள். இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினுஞ் சிறியதாகத் தோன்றக்கூடும். கைப்பேசியில் எடுக்கும் படங்களைச் செலவின்றித் திருத்துவதும், ஒழுங்குபடுத்தி வைப்பதும், பிறர் காண வெளியிடுவதும் எங்ஙனம் என்பதே அப்பொருள். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். ஏடுகளைத் தேடிக் காத்தலும், பிழை நீக்கிப் பதிப்பித்தலும் தமிழ்ப் புலவர்க்கு உரிய தொழில்கள். ஒரு குடும்பத்தின் படங்களும் அக்குடும்பத்தின் ஏடுகளே என்பது என் கருத்து. செல்லரிக்க விட்ட ஏடுகளால் நம் முன்னோர் இழந்தது எவ்வளவு என்பதை அறிவோம். பேணாது விட்ட படங்களால் நாமும் அவ்வண்ணமே இழந்து வருகின்றோம்.

நம் புதுக்கோட்டைக்கும் புகைப்படக் கலைக்கும் உள்ள தொடர்பு பழமையானது. சென்னை மாகாணத்து அரசாங்கப் புகைப்படக்காரராக விளங்கிய காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பார் நம் சமஸ்தானத்திற்கு வந்து எடுத்த படங்கள் 1858ஆம் ஆண்டிலேயே தனித் தொகுதியாக வெளிவந்தன. அக்காலத்து முறையில் மெழுகூட்டிய காகிதத்தில் எதிர்ப்படம் எடுப்பர்; அதில் வானம் வெறுமையாக விழும்; மரத்தின் தழைகளும் தெளிவாக அமையா. ஆதலால் டிரைப் தம் எதிர்ப்படங்களின்மீது தூரிகையால் வண்ணந் தீட்டி, மேகங்களையும் தழைகளையும் விளங்கச் செய்தார். எனவே, எடுத்த படத்தைத் திருத்துதல் இன்றைய பிள்ளைகள் தோற்றுவித்த விளையாட்டு என்று எண்ணற்க. அவ்வேலைக்கு ஆகும் செலவு மிகுதி என்று கருதி, அந்நாளைச் சென்னைக் கவர்னர் சர் சார்லஸ் டிரவெலியன் 1859இல் அதனை நிறுத்திவிட்டார். அரசாங்கமே தாங்கமாட்டாத அக்கலை இன்று நாட்கூலி பெறுவார் கைக்கும் எட்டியுள்ளது. ஆயினும் ஒன்று கவனிக்க வேண்டும். டிரைப் எடுத்த படங்கள் 160 ஆண்டுகள் கடந்தும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பேணப்பட்டு வருகின்றன. நம் வீட்டில் ஐந்தாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த காதணி விழாவின் படங்கள் எங்கே என்று வினவினால், விடை கூற இயலாதார் நம்மிற் பலர்.

இனி முதலாவதாகத் திருத்துதலைப் பற்றிக் கூறுவேன். ஸ்னாப்சீடு என்றொரு செயலி உண்டு. நிக் சாப்ட்வேர் என்னும் நிறுவனம் ஆக்கிய அதனை, 2012இல் அந்நிறுவனத்தோடு கூகிள் விலைக்கு வாங்கி, இலவசமாக வழங்கிற்று. வெளிச்சங் குறைந்த படத்தைத் தெளிவாக்கல், சாய்ந்த படத்தை நிமிர்த்தல், வேண்டாத ஓரத்தை வெட்டல், சிறு கறைகளை அகற்றல் ஆகிய தொழில்கள் அனைத்தும் அதில் அடங்கும். நம் போன்றார்க்கு இவை போதும். பணங் கொடுத்து வேறொன்று வாங்க வேண்டுவதில்லை. திருத்தியதை மூலத்தின்மேல் எழுதாமல் தனிப் படியாகச் சேமித்தல் நன்று. மூலப் பாடத்தை அழித்துவிட்டுத் தம் பாடத்தை எழுதும் பதிப்பாசிரியனை எவர் மதிப்பார்?

சுவரில் கண்ணாடிச் சட்டத்துள் மாட்டியிருக்கும் பாட்டனார் பாட்டியார் படங்களுக்குக் கூகிள் 2016இல் வெளியிட்ட போட்டோஸ்கேன் என்னும் செயலி பெரிதும் உதவும். அது ஒரே படத்தைப் பல கோணங்களில் எடுக்கச் செய்து, அவற்றை இணைத்து, கண்ணாடியில் வீழும் ஒளிக்கூச்சத்தை நீக்கித் தரும். ஈரமும் பூச்சியும் அப்படங்களைத் தின்னுமுன் அவற்றைப் படியெடுத்தல் நம் கடமையாகும்.

இவ்விடத்தில் தாய்மார்களுக்கும் மணமகன் வீட்டார்க்கும் மனந்திறந்து ஒன்று சொல்ல வேண்டும். முகத்தை அழகுபடுத்துவதாகக் கூறும் செயலிகள் பல, முதல் வேலையாகக் கருநிறத்தை வெளிறச் செய்கின்றன. பெண்ணின் படத்தை அங்ஙனம் வெளுத்து அனுப்புதலும், நேரிற் கண்டபின் படத்துக்கும் பெண்ணுக்கும் பொருத்தமில்லை என்று பேச்சு முறிதலும், ஒரு குற்றமும் அறியாத அப்பெண் அவமானம் தாங்கித் தலைகுனிந்து நிற்றலும் இந்நாளிற் காண்கின்றோம். நம் பழந்தமிழ்ச் சான்றோர் மாமை நிறத்தை மகளிர்க்கு அழகென்று பாடினர். மாந்தளிரை அதற்கு உவமை கூறினர். தலைவன் பிரிந்த துயரால் அந்நிறங் கெட்டு உடல் வெளிறுவதைப் பசலை என்றனர்; அதனை ஒரு நோயாகவே கருதினர். சங்கப் புலவர் நோயென்று இரங்கிய ஒன்றை, நாம் செயலியைக் கொண்டு நம் பெண்களின் முகத்தில் வலிந்து பூசுவது எத்துணைப் பேதைமை! மங்கிய விளக்கொளியால் இருண்ட படத்தைத் தெளிவாக்குக. பெண்ணின் நிறத்தை மாற்றற்க. முன்னது பிழைதிருத்தம், பின்னது பொய்.

இரண்டாவது, ஒழுங்கும் காப்பும். 2015இல் தோன்றிய கூகிள் போட்டோஸ் என்னும் செயலி, படங்களை நாள்முறையில் அடுக்கும். ஒருவர் முகமுள்ள படங்களை ஒருங்கு சேர்த்துக் காட்டும். 'தாத்தா சதாபிஷேகம்', 'குலதெய்வக் கோயில் படையல்' என்றாற்போல நாம் தமிழிலேயே பெயரிட்டு ஆல்பம் அமைத்துக்கொள்ளலாம். ஆயினும் அதன் விதிகளை அறிதல் வேண்டும். முன்னர் அளவின்றி இலவசமாக இருந்த இடம், 2021 ஜூன் முதல் தேதி தொடங்கிக் கணக்கிடப்படுகின்றது. மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் பிற கோப்புகளுக்கும் சேர்த்து 15 ஜிபி மட்டுமே இலவசம். ஆதலால் காலை வணக்கப் படங்களையும், ஒரே காட்சியின் பத்துப் படிகளையும் மாதந்தோறும் களைதல் நலம். களை பிடுங்காத வயல் விளையாது என்பது நம்மவர் அறியாததன்று. மற்றொன்று: கைப்பேசியில் இடமில்லை என்று அச்செயலியுள் ஒரு படத்தை நீக்கினால், மேலே சேமித்த படியும் உடன் நீங்கும், அங்ஙனம் நீங்கிய படம் 60 நாள் வரை குப்பைக்கூடையில் இருக்கும், அதற்குள் மீட்கலாம். மேலும், இரண்டாண்டுகள் பயன்படுத்தாத கணக்கையும் அதிலுள்ள படங்களையும் அழித்துவிடக்கூடும் என்று கூகிள் 2023இல் விதி செய்துள்ளது. காலஞ்சென்ற பெரியோரின் கைப்பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவோர் இதனை நினைவிற் கொள்க. அவர் உயிரோடிருக்கும்போதே, தமக்குப்பின் கணக்கைப் பெறுவார் இன்னார் என்று அதிலேயே குறித்து வைக்கவும் வழியுண்டு.

ஆகவே ஒரே இடத்தை நம்பியிருத்தல் தகாது. ஆண்டுக்கு ஒரு முறை சிறந்த படங்களை ஒரு பென்டிரைவிலோ வன்தட்டிலோ படியெடுத்து வைக்க. அவற்றுள் மிகச் சிறந்த இருபதைக் காகிதத்தில் அச்சிட்டு, பின்புறத்தில் ஊர், நாள், உள்ளார் பெயர் ஆகியவற்றை எழுதி வைக்க. பெயரெழுதாத படம் இரண்டு தலைமுறைக்குப்பின் யாரோ ஒருவர் படமாகும். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித் தெளிவு குன்றும் என்பதையும் அறிக. காத்து வைக்கவேண்டிய படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பினால் அக்குறை நேராது.

மூன்றாவது, எச்சரிக்கை. இலவசம் என்பனவெல்லாம் நன்மை பயப்பன அல்ல. 2019 ஜனவரியில் டிரெண்ட் மைக்ரோ என்னும் பாதுகாப்பு நிறுவனம், அழகுப்படச் செயலிகள் 29 தீயவை என்று அறிவித்தது. அவற்றுட் சில ஆபாச விளம்பரங்களைக் காட்டின; சில, திருத்தித் தருவதாகக் கூறிப் பயனர் படங்களைக் கவர்ந்துகொண்டன. அவற்றைத் தரவிறக்கியோருள் நம் நாட்டினர் மிகப் பலர். 2020 ஜூனில் நம் இந்திய அரசாங்கம் தடை செய்த 59 செயலிகளிலும் பியூட்டிபிளஸ், மெய்ட்டூ போன்றவை இருந்தன. படந் திருத்தும் செயலி தொடர்புப் பட்டியலையும் குறுஞ்செய்திகளையும் காண இசைவு கேட்குமாயின், அதனை உடனே நீக்குக. சமையற்காரன் பெட்டகச் சாவி கேட்டால் கொடுப்போமா?

பெண்கள், குழந்தைகள் படங்களை முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் அவர்தம் இசைவின்றி வெளியிடுதல் கூடாது; கணவனாயினும் உடன்பிறந்தானாயினும் கேட்டே செய்க. எவரேனும் தம் படத்தைத் தீய வழியிற் பயன்படுத்தினால், பெண்கள் அஞ்சி மறைக்க வேண்டா. மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்தில் தம் பெயர் தெரிவியாமலும் முறையிட இடமுண்டு. அவ்வேளையில் குடும்பத்தார் அப்பெண்ணின் பக்கம் நிற்றல் வேண்டும். அவளைக் கடிந்துகொள்வது தீங்கு செய்தவனுக்குத் துணை போவதாகும்.

முடிவாக, இம்மகாசபையின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். ஒன்று: கோடை விடுமுறையில் ஊர்தோறும் கைப்பேசி பயின்ற இளைஞர் இருவர் வீடு வீடாகச் சென்று, முதியோர் வாயாற் பெயர்களைக் கேட்டெழுதிப் பழம் படங்களைப் படியெடுத்துத் தருதல். இரண்டு: சங்கத்தின் பழைய மாநாட்டுப் படங்களையும் அவ்வாறே தொகுத்து, ஒரு படியைச் சங்க அலுவலகத்தில் வைத்தல். மூன்று: நம் இதழின் மணமக்கள் பகுதிக்கு வரும் படங்கள் நிறம் மாற்றப்படாதனவாக இருத்தல் வேண்டும் என்று விதி செய்தல். முதலிரண்டும் ஓராண்டில் ஆகக்கூடியவை. மூன்றாவதற்கு ஒரு காசும் செலவில்லை, இன்றே நிறைவேற்றலாம். நம் பெண்கள் உள்ளது உள்ளபடி நின்று, உள்ளபடியே விரும்பப்படுதலினும் இச்சங்கம் அவர்க்குச் செய்யத்தக்க பெருமை வேறில்லை.

சங்கம் வளர்க, குடும்பங்கள் தழைக்க!