கொடிக்காலுக்குள் ஒரு காற்று

கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இலையின் மென்மையையும் காரத்தையும் எல்லோரும் பாராட்டினார்கள். அந்த இலைக்கு வேண்டிய காற்றைப் பக்குவப்படுத்தும் கைகளைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. இன்று அதைப் பேசுவோம்.

வெற்றிலை மிளகின் இனம். ஈரக்காட்டு நிழலில் மரமேறிப் பழகிய கொடி. அதைச் சித்திரை வெயில் கொளுத்தும் கும்பகோணத்தை அடுத்த பாபநாசம் வட்டாரத்தில், ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கம் வளர்க்கிறார்கள். வங்காளத்தில் இதே கொடிக்கு நாற்புறமும் அடைத்து, மேலே கூரையும் வேய்ந்து கொட்டகை போடுவார்கள். நம்மூர் வெற்றிலைத் தோட்டமான கொடிக்காலிலோ கொட்டகையையே விதைத்து வளர்க்கிறார்கள். முதலில் அகத்தி விதை. அது நிழல் தரும் அளவுக்கு வளர்ந்தபின் அதன் அடியில் கொடி. ஓரங்களில் வாழை. பாத்திகளுக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 35 டிகிரி வெப்பத்தில் 50 சதவீதம் ஈரப்பதமுள்ள காற்று 30 டிகிரிக்குக் குளிர்ந்தாலே, ஒரு சொட்டு நீர்கூடச் சேர்க்காமல், ஈரப்பதம் ஏறத்தாழ 65 சதவீதம் ஆகிவிடும். அகத்தி நிழல் செய்வது இந்த வேலை. அதன்மேல் வாய்க்கால் நீரும் நனைந்த மண்ணும் ஆவியைச் சேர்க்கின்றன. சேர்ந்த ஈரத்தை வறண்ட காற்று அடித்துப் போகாமல் ஓரத்து வாழை மறிக்கிறது.

ஈரத்தைக் கூட்டுவதோடு வேலை முடிந்தால் இதைக் கலை என்று சொல்ல மாட்டேன். கொடியைக் கொல்லும் வாடல் நோயின் பூஞ்சாண வித்துகள் நீரில் நீந்திப் பரவுபவை. காற்றில் கலந்த ஈரம் கொடிக்கு உயிர். வேரடியில் தேங்கும் நீரும் இலைமேல் தங்கும் நீரும் அதற்கு எமன். ஆகவே கோடையில் ஈரம் தந்த அதே வாய்க்கால் மழையில் வடிகாலாக வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் அகத்திக் கிளைகளைக் கழித்து, வெயிலும் காற்றும் உள்ளே புக வழி விடுகிறார்கள். கழித்த தழை மாட்டுக்குத் தீவனம். பசுமைக்குடிலில் நிழல்வலை, புகைபோல் நீர் தெளிக்கும் குழாய், மின்விசிறி எல்லாம் சேர்ந்து செய்வதை இங்கே ஒரு மரமும் ஒரு வாய்க்காலும் ஓர் அரிவாளும் செய்கின்றன.

குறையும் சொல்ல வேண்டும். மின்விசிறியை வேண்டும்போது நிறுத்தலாம். வெட்டிய கிளையைத் திரும்ப ஒட்ட முடியாது. கழித்தபின் மழை பொய்த்து வெயில் காய்ந்தால், அகத்தி மறுபடி தழைக்கும்வரை கொடி வதங்கும். விடாமல் மழை பிடித்தால் எவ்வளவு கழித்தும் போதாது. வேரடிக்குப் போர்டோ கலவை என்ற பூஞ்சாணக்கொல்லிதான் துணை. இத்தனையும் பார்த்துப் பழகிய கண்ணை நம்பி நடக்கிறது. அந்தக் கண்ணுள்ள ஆளுக்கு இப்போது வயதாகிவிட்டது.

அதனால் கொடிக்கால்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சின்னதாக ஓர் ஈரப்பதமானி வாங்கிக் கொடிக்காலுக்குள் நிழலில் தொங்கவிடுங்கள். கிளை கழிக்கச் சொல்லும் பெரியவரிடம், 'ஏன் இன்றைக்கு?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் காரணத்தையும் மானி காட்டும் எண்ணையும் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்து அரிவாள் பிடிக்க வரும் பிள்ளைக்கு அந்த நோட்டு வேண்டியிருக்கும்.