பள்ளிக்கூடத்தின் கூரை

சுற்றுச்சூழலுக்கு இசைந்த பள்ளி என்றதும் நம் நினைவுக்கு வருபவை, சுற்றுச்சுவரில் பச்சைப் பெயின்டால் எழுதிய வாசகங்களும், ஜூன் 5-ஆம் தேதி நட்டு ஆடிக்குள் ஆடு மேய்ந்துவிட்ட வேப்பங்கன்றும்தான். 1991-இல் எம்.சி.மேத்தா வழக்கில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது. பாடம் வந்தது, தேர்வும் வந்தது. அந்தப் பாடத்தைப் பிள்ளைகள் எந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று நாம் அண்ணாந்து பார்த்ததில்லை. மதுரைச் சமவெளியில் பள்ளியைப் பசுமையாக்கும் வேலை கூரையில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. இந்த ஊரின் இரண்டு பெரிய தொல்லைகளான வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்து வந்து இறங்கும் இடம் அதுதான்.

கீற்றுக் கூரை குளிர்ச்சியானது. ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீயில் பறிகொடுத்த பிறகு அதைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வராது, வரவும் கூடாது. பள்ளிகளில் கீற்றை அகற்றியது சரியான முடிவு. அதன் இடத்தில் வந்த தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் வெறும் காங்கிரீட்டும் பிள்ளைகளைத் தீயிலிருந்து காத்தன, வெயிலிலிருந்து காக்கவில்லை. நம் கொத்தனார்களின் பழைய வழக்கம் வேறு: மாடியின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்து, வாட்டம் பார்த்து முடிப்பார்கள். செலவைக் குறைக்கும்போது முதலில் கைவைக்கப்படுவது அந்த அடுக்கில்தான். 2023-இல் வெயிலுக்காகப் பள்ளி திறப்பு ஜூன் 12-க்கும், தொடக்க வகுப்புகளுக்கு 14-க்கும் தள்ளிப்போனதே, திறந்த பிறகு அந்த வெயில் எங்கே போயிற்று? கூரை வழியாக வகுப்புக்குள் வந்தது.

இதற்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு 2020-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைக் காட்டலாம். ஏறத்தாழ ஒரு கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை வைத்துச் செய்த ஆய்வு அது. ஏ.சி. இல்லாத பள்ளியில், கல்வியாண்டின் வெப்பம் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் அந்த ஆண்டின் கற்றலில் ஒரு சதவீதம் குறைகிறது என்றது. அவர்கள் வெயிலை நம் வெயிலோடு அப்படியே பொருத்தக் கூடாதுதான். ஏ.சி. இருந்த இடங்களில் இந்த இழப்பு பெரும்பாலும் இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. அப்படியானால் ஏ.சி. போட்டுவிடலாமே என்பார்கள். மாநகராட்சிப் பள்ளியின் மின்கட்டணத்தை யார் கட்டுவது? உள்ளே இருக்கும் சூட்டைத் தெருவில் தள்ளினால் தெருவில் இருப்பவர் எங்கே போவார்? சூடேறிய கூரையின் கீழ் ஏ.சி.யும் திணறும். மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் விழும் வெயிலில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. மழையிலும் தூசியிலும் அது மங்கும், ஒவ்வொரு கோடைக்கும் முன் திரும்ப அடிக்க வேண்டும். ஆனால் பொங்கலுக்கு வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கத் தெரிந்த ஊர் இது.

மழைக்கு வருவோம். உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை இயங்குகிறது. முன்பு கண்மாயில் விழுந்த மழை இப்போது கட்டடத்தின் தலையில் விழுகிறது. ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் பெய்யும் இந்த ஊரில், 150 சதுர மீட்டர் கூரையுள்ள நான்கு வகுப்பறைக் கட்டடம், ஐந்தில் ஒரு பங்கை வீணென்று கழித்தாலும், ஒரு லட்சம் லிட்டரைப் பிடித்துத் தரும். இருநூறு பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு லிட்டர் வீதம் 210 பள்ளி நாட்களுக்குக் குடிக்க வேண்டியது 84,000 லிட்டர்தான். ஐப்பசி கார்த்திகையில் மழை மொத்தமாகக் கொட்டுவதால் எல்லாவற்றையும் தொட்டியில் அடக்க முடியாது. நிறைந்தது போக மீதியைக் கிணற்றுக்கு விடலாம். கொசு வரும் என்ற அச்சம் நியாயமானது, அது மூடியில்லாத தொட்டிக்கு. 2003-இலேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. இன்று சுவரோரம் பாருங்கள்: முழங்கை உடைந்து தொங்கும் பிவிசி குழாய், மணலும் சருகும் அடைத்துத் தூர்ந்த குழி, பக்கத்தில் மங்காத எழுத்தில் ‘மழைநீர் உயிர்நீர்’.

ஆசிரியர்கள் ஏற்கெனவே பட்டியல் நிரப்பியே சலித்துப்போனவர்கள், அவர்கள் தலையில் இன்னொரு சுமையா என்பது வலுவான மறுப்பு. நான் சொல்வதில் ஆசிரியருக்கு வேலையே இல்லை. கொத்தனாருக்கும் பொறியாளருக்கும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு புரட்டாசியில் ஒருமுறை ஆளை மாடிக்கு அனுப்பி, தூம்புவாயில் அடைத்த வேப்பிலையை அள்ளச் சொன்னால் போதும். பல பள்ளிக் கட்டடங்களில் மாடிக்குப் படியே கிடையாது என்பது வேறு கதை. ஏணி வாங்கும் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்ற கேள்வியிலேயே ஆண்டு ஓடிவிடும். இந்தக் கருத்தரங்கில் கட்டுரை படிக்க வந்திருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பள்ளியில் எத்தனை மரம் நட்டீர்கள் என்பதோடு, பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தள வகுப்பறையில் எத்தனை டிகிரி என்பதையும் சொல்லுங்கள். முதல் அமர்வு தொடங்கட்டும்.